வெளிநாட்டில் படிக்கும்போது மருத்துவச் செலவும் பல் செலவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விசாவுக்காக மருத்துவக் காப்பீடு எடுத்தாயிற்று. பல்லும் அதில் அடங்குமா?

பெரும்பாலும் அடங்காது. காப்பீட்டு உலகில் பல்லும் கண்ணும் உடம்பைச் சேர்ந்தவை அல்ல போலும். தனி உறுப்பு, தனி பாலிசி. ஆஸ்திரேலியாவின் கட்டாய மாணவர் காப்பீட்டில் சாதாரணப் பல் சிகிச்சை கிடையாது. நெதர்லாந்தின் அடிப்படைக் காப்பீடு 18 வயதுக்கு மேற்பட்டவர்களின் சாதாரணப் பல் செலவை ஏற்காது. அமெரிக்காவில் பல் திட்டத்தைத் தனியாக வாங்க வேண்டும். கனடாவில் பல இடங்களில் மாணவர் சங்கத் திட்டத்தின் வழியாகப் பல்லுக்குக் கொஞ்சம் கிடைக்கும்.

ஜெர்மனியும் ஜப்பானும் விதிவிலக்கு. அங்கே பொதுக் காப்பீட்டிலேயே பல்லும் வந்துவிடுகிறது. பிரிட்டனில் பாதிக் கதவு திறந்திருக்கிறது: அரசு விலையில் பல் வைத்தியம் உண்டு, ஆனால் இலவசம் இல்லை.

பாலிசி ஆவணத்தில் "அவசரப் பல் சிகிச்சை உண்டு" என்ற வரியைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். விபத்தில் பல் உடைந்தால் மட்டும், அல்லது திடீர் வலியைத் தணிக்க ஒரு சிறு தொகை மட்டும் என்றே அது பல பாலிசிகளில் முடிந்துவிடும். சொத்தையால் வரும் வேர் சிகிச்சை (ரூட் கெனால்) இந்த இரண்டிலும் சேராமல் போகலாம்.

கிளம்பும் முன் பல்லில் எதையெல்லாம் முடித்துவிட வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். வெளிநாட்டில் மாணவர்களுக்கு வரும் பெரிய பல் பில்களில் பல, கிளம்பும்போதே வாயில் இருந்த சிறு சொத்தையிலிருந்து தொடங்குபவை. சொத்தை பல்லின் வெளி அடுக்கான எனாமலில் இருக்கும்வரை வலிக்காது. அதற்கடுத்த அடுக்கில் இறங்கும்போது குளிர்ச்சிக்குக் கூசும். அப்போது அடைத்தால் ஒரே அமர்வில் வேலை முடிந்தது. நரம்பை எட்டிவிட்டால் வேர் சிகிச்சை, அதன் மேல் பல்லைப் போர்த்தும் உறை என்று செலவு பல மடங்காகும்.

பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே பல் மருத்துவரிடம் போங்கள். கண்ணால் பார்த்துச் சொல்வது போதாது. இரண்டு பற்களுக்கு இடையில் ஒளிந்திருக்கும் சொத்தை, கடித்துப் பிடித்து எடுக்கும் பைட்விங் எக்ஸ்ரேயில்தான் தெரியும். அதைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஞானப் பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள். பாதி முளைத்த கீழ் ஞானப்பல்லின் மேல் மூடியிருக்கும் ஈறு மடலுக்குள் உணவு சிக்கிச் சீழ் பிடிப்பது, சரியாகக் கல்லூரி வயதில்தான் அதிகம். அதற்காக வலியோ தொல்லையோ தராத ஞானப்பல்லை "எதற்கும் இருக்கட்டும்" என்று பிடுங்கிக்கொள்ளத் தேவையில்லை.

வேர் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு விமானம் ஏறுவதுதான் மிக மோசமான தவறு. தற்காலிக அடைப்பு சில வாரங்களில் கசியத் தொடங்கும், கிருமி மறுபடி உள்ளே போகும். போகும் நாட்டில் புதிய மருத்துவர் அதை முதலிலிருந்து செய்வார், முழுக் கட்டணத்தோடு. வேர் சிகிச்சை முடிந்த கடைவாய்ப் பல்லுக்கு உறை போடாமல் போவதும் அப்படித்தான். கடிக்கும் அழுத்தத்தில் அது பிளந்தால், பல பிளவுகளை ஒட்டவைக்க முடியாது. பல்லையே எடுக்க நேரிடும். பல் பிடுங்கினால் குறைந்தது இரண்டு மூன்று நாளாவது கழித்தே விமானம் ஏறுங்கள். ஒரு வாரம் விட்டால் இன்னும் நல்லது.

பல்லில் கம்பி போட்டிருப்பவர்கள் தொடக்க எக்ஸ்ரே, பல் அச்சு, இதுவரை செய்த வேலையின் குறிப்பு எல்லாவற்றையும் கோப்பாக வாங்கிக்கொள்ளுங்கள். பாதியில் வரும் சிகிச்சையை ஏற்கும் மருத்துவர்கள் குறைவு, ஏற்றாலும் புதிதாகத் தொடங்குவது போலக் கட்டணம் கேட்பார்கள். படிப்பு ஒரே ஆண்டு என்றால், திரும்பி வந்து கம்பி போட்டுக்கொள்வதே சிக்கனம்.

பிரிட்டன்: விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண்டு கட்டினோமே. இனி எல்லாம் இலவசமா?

2024 பிப்ரவரி 6 முதல் மாணவர்களுக்கான சுகாதாரக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. படிப்பின் நீளத்துக்கு அல்ல, விசாவின் நீளத்துக்கே கணக்கு. ஓராண்டு முதுகலைக்கு முன்னும் பின்னும் சேர்த்து விசா 16, 17 மாதம் வரும். ஆறு மாதமும் அதற்குக் குறைவான மீதியும் அரையாண்டாக எண்ணப்படும்; ஆகவே 776 + 388 = 1,164 பவுண்டு. பட்ஜெட் போடும்போது 776 மட்டும் எழுதிவைத்துவிட்டுப் பிறகு திகைப்பவர்கள் நிறைய.

இந்தப் பணத்துக்குக் குடும்ப மருத்துவர், மருத்துவமனை, அறுவை சிகிச்சை எல்லாம் கூடுதல் கட்டணமின்றிக் கிடைக்கும். இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்கு மட்டும் மருந்து ஒன்றுக்கு 9.90 பவுண்டு, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் அதுவும் இல்லை. மாதாமாதம் மருந்து வாங்குபவர்கள் முன்பணச் சான்றிதழ் வாங்கிவிடலாம்: மூன்று மாதத்துக்கு 32.05, ஓராண்டுக்கு 114.50. ஆண்டுக்குப் பன்னிரண்டு மருந்தைத் தொட்டாலே அது லாபம்.

பல்லுக்கு இங்கிலாந்தில் மூன்று படி. 2025 ஏப்ரலில் நிர்ணயித்த கட்டணப்படி பரிசோதனையும் எக்ஸ்ரேயும் 27.40 பவுண்டு, அடைப்பு, வேர் சிகிச்சை, பல் எடுத்தல் 75.30, உறை, இழந்த பல்லின் இடத்தை நிரப்பும் பாலம், செயற்கைப் பல்வரிசை 326.70. இதில் பலரும் கவனிக்காத நல்ல அம்சம், கட்டணம் ஒரு சிகிச்சைச் சுற்றுக்குத்தான், பல் கணக்குக்கு இல்லை. ஒரே சுற்றில் மூன்று அடைப்பும் ஒரு வேர் சிகிச்சையும் செய்தாலும் 75.30தான். அதோடு ஓர் உறையும் சேர்ந்தால் மொத்தம் 326.70, இரண்டையும் கூட்ட மாட்டார்கள். அதனால் "இந்தப் பல்லை மட்டும் இப்போது பாருங்கள், மற்றது பிறகு" என்று பிரித்துக் கேட்காதீர்கள்.

வருமானமும் சேமிப்பும் குறைவு என்றால் எச்.சி.1 என்ற படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். தகுதி இருந்தால் எச்.சி.2 சான்றிதழ் வரும். பல் கட்டணமும் மருந்துக் கட்டணமும் முழுதாகத் தள்ளுபடி. வெளிநாட்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம், ஆனால் சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டினால் கிடைக்காது. ஸ்காட்லாந்தில் 26 வயது ஆகாதவர்களுக்கு அரசுப் பல் சிகிச்சை முழுவதும் இலவசம்.

பிரிட்டன்: அரசுக் கட்டணத்தில் பார்க்கும் பல் மருத்துவர் கிடைக்கவே இல்லையே?

இது உண்மையான தட்டுப்பாடு. நீங்கள் தேடத் தெரியாமல் தேடுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வந்த முதல் வாரத்திலேயே, வலி எதுவும் இல்லாதபோதே, சுற்றுவட்டாரக் கிளினிக்குகளுக்கு வரிசையாகப் போன் செய்து காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுங்கள். வலி வந்துவிட்டால் 111 என்ற எண்ணை அழைத்தால் அவசரப் பல் சேவைக்கு வழிகாட்டுவார்கள். அதற்கு முதல் படிக் கட்டணமே. குடும்ப மருத்துவரிடம் பல் வலிக்குப் போவது வீண், அவர் திருப்பி அனுப்பிவிடுவார்.

குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்வதையும் அதே வாரத்தில் முடியுங்கள். பதிவு இலவசம். அடையாள அட்டையோ முகவரிச் சான்றோ இல்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது என்பது விதி.

அமெரிக்கா: டிடக்டிபிள், கோ-பே, கோஇன்சூரன்ஸ் என்றால் உண்மையில் என் கையிலிருந்து எவ்வளவு போகும்?

வார்த்தைகளை விடுங்கள், ஒரு கணக்கைப் பார்ப்போம். உங்கள் திட்டத்தில் டிடக்டிபிள் 500 டாலர், கோஇன்சூரன்ஸ் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனையில் சிகிச்சை. ஒப்பந்த விலை 3,000. முதல் 500 முழுக்க உங்களுடையது. மீதி 2,500இல் 20 சதவீதம், அதாவது இன்னொரு 500, அதுவும் உங்களுடையது. மொத்தம் 1,000. கோ-பே என்பது டாக்டரைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கட்டும் நிலையான தொகை.

இப்போது அதே சிகிச்சையை ஒப்பந்தம் இல்லாத இடத்தில் செய்கிறீர்கள். அவர்கள் போடும் பில் 5,000. காப்பீடு அங்கீகரிப்பது 3,000தான். வெளி இடத்துக்கு டிடக்டிபிள் 1,000, கோஇன்சூரன்ஸ் 40 சதவீதம் என்றால்: 1,000, மீதி 2,000இல் 800, அங்கீகரிக்காத 2,000. கையிலிருந்து 3,800. ஒரே உடம்பு, ஒரே நோய். கதவு எண் மட்டும் வேறு. ஆகவே அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போது "என் காப்பீட்டை எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்பது போதாது. "என் திட்டத்தின் நெட்வொர்க்கில் இருக்கிறீர்களா?" என்று திட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எடுத்துக்கொள்வது வேறு, நெட்வொர்க்கில், அதாவது ஒப்பந்தப் பட்டியலில், இருப்பது வேறு.

அவசர சிகிச்சையில் 2022 ஜனவரி 1 முதல் ஒரு சட்டப் பாதுகாப்பு உண்டு. நெட்வொர்க்குக்கு வெளியே உள்ள மருத்துவமனையானாலும் நெட்வொர்க்குக்குள் கட்டும் பங்கை மட்டுமே உங்களிடம் வாங்கலாம். சாலை வழி ஆம்புலன்ஸ் அந்தச் சட்டத்தில் சேராது. உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் 911ஐ அழையுங்கள். கணுக்கால் சுளுக்கினால் நண்பரின் காரே போதும்.

அமெரிக்கா: பல்கலைக்கழகக் காப்பீடு விலை அதிகம். வெளியே மலிவாக எடுத்தால் என்ன?

பல பல்கலைக்கழகங்கள் சமமான வேறு காப்பீட்டைக் காட்டி விலக்கு வாங்க அனுமதிக்கின்றன. கடைசித் தேதி பருவம் தொடங்கிய சில வாரங்களில் முடிந்துவிடும். தவறினால் கட்டணம் தானாகவே உங்கள் கணக்கில் ஏறும்.

எஃப்-1 என்ற வழக்கமான மாணவர் விசாவுக்கு மத்திய அரசின் காப்பீட்டு விதி ஏதும் இல்லை, விதி பல்கலைக்கழகத்துடையது. ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவுக்கு உண்டு: ஒரு நோய் அல்லது விபத்துக்குக் குறைந்தது 1,00,000 டாலர், டிடக்டிபிள் 500ஐ மீறக்கூடாது, மருத்துவக் காரணத்துக்காக நாட்டை விட்டு அழைத்துச் செல்ல 50,000, உடலைத் தாய்நாட்டுக்கு அனுப்ப 25,000. வெளியில் விற்கும் மலிவுத் திட்டங்கள் பல இந்த எண்களுக்கு அளவெடுத்துத் தைத்தவை. அவற்றில் விலையைப் பார்க்கும் முன் மூன்று இடத்தைப் படியுங்கள்: ஏற்கெனவே உள்ள நோய்க்கான விலக்கு, மனநலச் சிகிச்சைக்கான வரம்பு, விளையாட்டுக் காயம். ஆஸ்துமா, தைராய்டு, மனச்சோர்வு என்று ஏற்கெனவே ஏதாவது இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகத் திட்டமே கடைசியில் மலிவு.

அமெரிக்கா: மருத்துவமனையிலிருந்து பெரிய பில் வந்துவிட்டது. உடனே கட்ட வேண்டுமா?

முதலில் அது பில்தானா என்று பாருங்கள். காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் விளக்கத் தாளும் பில் போலவே இருக்கும். "இது பில் அல்ல" என்று அதிலேயே எழுதியிருப்பார்கள். அந்தத் தாள் வரும்வரை மருத்துவமனைக்குப் பணம் அனுப்பாதீர்கள். வந்ததும் இரண்டிலும் உங்கள் பங்கு என்று போட்ட தொகை ஒன்றா என்று ஒப்பிடுங்கள்.

பிறகு வரிவரியாகப் பிரித்த பில் கேளுங்கள். செய்யாத பரிசோதனை, இரண்டு முறை ஏறிய கட்டணம், தவறான காப்பீட்டு எண் ஆகியவையே வழக்கமான பிழைகள். அதற்கும் பின் தொகை தாங்க முடியாததாக இருந்தால், லாப நோக்கற்ற மருத்துவமனை என்றால் நிதியுதவிக் கொள்கையைக் கேளுங்கள். வரிவிலக்குப் பெறும் அவை அத்தகைய கொள்கையை வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம். முதல் பில் தேதியிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். கிடைக்காவிட்டால் வட்டியில்லாத் தவணை கேளுங்கள். பில்லை கிரெடிட் கார்டில் போட்டுவிட்டால் அது வெறும் கார்டு கடனாகிவிடும், இந்தச் சலுகைகளைக் கேட்கும் இடம் போய்விடும்.

ஆஸ்திரேலியா: கட்டாயக் காப்பீடு இருந்தும் டாக்டரிடம் ஏன் பணம் கேட்கிறார்கள்?

அரசு ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு அட்டவணைக் கட்டணம் வைத்திருக்கிறது. காப்பீடு, குடும்ப மருத்துவருக்கு அந்த அட்டவணையில் 100 சதவீதமும் வெளிநோயாளியாகப் பார்க்கும் சிறப்பு மருத்துவருக்கு 85 சதவீதமும் தரும். டாக்டர் அட்டவணைக்கு மேல் வாங்கினால் இடைவெளி உங்களுடையது. வளாகத்துக்கு அருகிலுள்ள சில கிளினிக்குகள் உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடமே நேராக வாங்கிக்கொள்ளும். அவற்றின் பட்டியல் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும்.

மருந்தில் இன்னொரு பொறி. ஒவ்வொரு மருந்துக்கும் முதலில் ஒரு தொகையை நீங்கள் கட்ட வேண்டும். அதற்கு மேல் மருந்து ஒன்றுக்கு 50 டாலர் வரை, தனிநபருக்கு ஆண்டுக்கு 300 டாலர் வரை மட்டும் அடிப்படைக் காப்பீடு தரும். விலை உயர்ந்த மருந்தைத் தொடர்ந்து எடுப்பவர்களுக்கு இந்த 300 சில மாதங்களிலேயே கரைந்துவிடும். ஏற்கெனவே இருந்த உடல் நோய்களுக்கு 12 மாதக் காத்திருப்பும் உண்டு.

ஜெர்மனியில் தனியார் காப்பீடு மலிவாக வருகிறதே, எடுக்கலாமா?

30 வயதுக்குக் கீழ் என்றால் பொதுக் காப்பீட்டிலேயே இருங்கள். 2025இல் மாதம் 140 முதல் 150 யூரோ அளவில் வந்தது. 23 வயது கடந்து குழந்தை இல்லாதவர்களுக்குச் சற்றுக் கூடுதல். தனியாருக்குப் போக விலக்கு எழுதி வாங்கினால், அந்தப் படிப்பு முடியும்வரை பொதுக் காப்பீட்டின் மாணவர் கட்டணத்துக்குத் திரும்ப முடியாது. முதல் ஆண்டில் மிச்சமாகும் பணத்துக்காக இந்தக் கதவைச் சாத்துவது பெரும்பாலும் நஷ்டம்.

பல் பரிசோதனை, சாதாரண அடைப்பு, ஆண்டுக்கு ஒருமுறை காறை நீக்கம் ஆகியவை அடங்கும். உறைக்கு நிலையான மானியம்: வழக்கமான சிகிச்சை விலையில் 60 சதவீதம். ஆண்டுதோறும் பல் பரிசோதனைக்குப் போனதைக் குறிக்கும் பரிசோதனைப் புத்தகத்தில் தொடர்ந்து ஐந்தாண்டு முத்திரை இருந்தால் 70, பத்தாண்டு இருந்தால் 75. முதல் ஆண்டிலேயே அந்தச் சிறு புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

மற்ற நாடுகளில் கவனிக்க வேண்டியது?

பிரான்சில் பொதுக் காப்பீட்டுப் பதிவு மாணவர்களுக்கு இலவசம். ஆனால் உங்களுக்கென ஒரு மருத்துவரை அறிவிக்க வேண்டும். அறிவித்திருந்தால் 30 யூரோ கட்டணத்தில் 70 சதவீதமான 21இல் 2 யூரோ பிடித்துக்கொண்டு 19 திரும்பி வரும். அறிவிக்காவிட்டால் அந்த 70 சதவீதம் 30 சதவீதமாக இறங்கும்.

நெதர்லாந்தில் படிக்க மட்டும் வந்தவர் தனியார் மாணவர் காப்பீட்டில் இருக்கலாம். வாரத்துக்குச் சில மணி நேரம் சம்பள வேலையில் சேர்ந்தாலே டச்சு அடிப்படைக் காப்பீடு கட்டாயம், எடுக்காவிட்டால் அபராதம். மாணவர்களை அதிகம் மாட்டிவிடும் விதிகளில் ஒன்று இது. ஆறுதலாக, வருமானம் குறைவு என்றால் பிரீமியத்துக்கு அரசு மானியம் கேட்கலாம்.

ஜப்பானில் மூன்று மாதத்துக்கு மேல் தங்கினால் தேசியக் காப்பீடு கட்டாயம்; பல் உட்பட 30 சதவீதம் உங்கள் பங்கு. கடந்த ஆண்டு வருமானம் இல்லை என்று நகராட்சி அலுவலகத்தில் அறிவித்தால் பிரீமியம் குறையும். நியூசிலாந்தில் விபத்து என்றால், பல் உடைந்தது உட்பட, அரசின் விபத்துத் திட்டம் வெளிநாட்டவருக்கும் உதவும், நோய்க்கு உதவாது.

கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்த மாதத்தின் மீதியும் அடுத்த இரு மாதங்களும் காத்திருப்பு. ஆகஸ்ட் 20இல் இறங்கினால் நவம்பர் 1 வரை அரசுக் காப்பீடு இல்லை. அந்த இடைவெளிக்குத் தனிக் காப்பீடு வேண்டும். அதன்பின் அரசுக் காப்பீட்டுக்கு மாதம் 75 டாலர்.

நள்ளிரவில் பல் வலி. என்ன செய்வது, எங்கே போவது?

வேறு நோயோ ஒவ்வாமையோ இல்லாத பெரியவர்களுக்கு, சாப்பிட்ட பின் 400 மில்லிகிராம் இபுப்ரோஃபென், அதோடு 500 முதல் 1,000 மில்லிகிராம் பாராசிட்டமால் சேர்ந்து எடுத்தால் பல் வலிக்கு நன்றாகக் கேட்கும். 24 மணி நேரத்தில் பாராசிட்டமால் 4,000ஐயும் இபுப்ரோஃபென் 1,200ஐயும் தாண்டக் கூடாது. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் இபுப்ரோஃபெனைத் தவிர்க்கவும். ஆஸ்பிரினைப் பல்லருகே வைத்து அழுத்துவது ஈறைச் சுடும். ஊரிலிருந்து கொண்டுவந்த ஆன்டிபயாடிக்கைத் தொடாதீர்கள். நரம்பு வீக்கத்தின் வலியை அது குறைக்காது.

தாடைக்குக் கீழ் வீக்கம் பரவுகிறது, வாய் திறக்க முடியவில்லை, விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டம், கூடவே காய்ச்சல் என்றால் அது பல் பிரச்சினை என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், செலவு பிறகு. மற்றபடி வெறும் பல் வலிக்கு அவசரப் பிரிவில் வலி மாத்திரைதான் கிடைக்கும், அமெரிக்காவில் அதற்கும் பெரிய பில்.

விளையாட்டில் முழுப் பல் விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கு இருந்தால் பாலில் லேசாக அலசிக் குழியிலேயே திரும்பப் பொருத்துங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போங்கள். தேய்த்துக் கழுவினால் வேரின் மேலுள்ள உயிர்ச் செல்கள் போய்விடும், பல் மறுபடி பிடிக்காது.

குறைந்த செலவில் பல் வைத்தியம் வேறு எங்கே?

பல் மருத்துவக் கல்லூரிகளில். மாணவர் செய்வார், ஆசிரியர் ஒவ்வொரு கட்டத்தையும் சரிபார்ப்பார். கட்டணம் தனியாரைவிடக் கணிசமாகக் குறைவு, நேரம்தான் செலவாகும். ஒரு அடைப்புக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம், வேர் சிகிச்சைக்குப் பல முறை போக வேண்டும். தேர்வு வாரத்தில் தொடங்காதீர்கள்.

தனியார் பல் திட்டம் வாங்குவதானால் காத்திருப்புக் காலத்தையும் ஆண்டு உச்சவரம்பையும் பாருங்கள். உறைக்கு 50 சதவீதம் தரும் திட்டத்தில் 1,400 டாலர் உறைக்கு 700 வர வேண்டும். ஆனால் ஆண்டு வரம்பில் 450தான் மிச்சம் என்றால் உங்கள் பங்கு 950. வேர் சிகிச்சையை டிசம்பரிலும் உறையை ஜனவரியிலும் வைத்தால் இரண்டு ஆண்டு வரம்பையும் பயன்படுத்தலாம். இடையில் பல்லுக்கு உறுதியான அடைப்பு போட்டிருக்க வேண்டும், உங்கள் திட்டத்தின் ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறதா என்றும் உறுதி செய்யுங்கள். சிலவற்றில் ஆகஸ்டில் தொடங்கும்.

தினசரி மருந்துகளை எவ்வளவு கொண்டு போகலாம்?

ஆஸ்திரேலியாவில் மூன்று மாத அளவு வரை. ஜப்பானில் மருந்துச் சீட்டு மருந்துகள் ஒரு மாத அளவைத் தாண்டினால் முன்அனுமதி வேண்டும். கவனக்குறைவுக் கோளாறுக்குத் தரும் ஆம்ஃபெட்டமைன் உள்ள மருந்துகள் ஜப்பானில் சீட்டு இருந்தாலும் தடை. மருந்தை அதன் அட்டையோடு, கைப்பையில் வையுங்கள். மருத்துவர் கடிதத்தில் விற்பனைப் பெயர் போதாது; மருந்தின் வேதிப்பெயர், அளவு, எதற்காக என்பது இருக்க வேண்டும். அங்கே அதே விற்பனைப் பெயர் இருக்காது.

அதே கோப்பில் தேதியோடு கூடிய தடுப்பூசிப் பதிவும் இருக்கட்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா தடுப்பூசி இரண்டு தவணை போட்டதற்கு ஆதாரம் கேட்கும். இல்லாவிட்டால் ரத்தப் பரிசோதனையோ மறுபடி ஊசியோ, உங்கள் செலவில். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் ஒரு கூடுதல் ஜோடியும், கண்மணிகளுக்கு இடையிலுள்ள தூரம் எழுதிய சீட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கும் காப்பீடு பெரும்பாலும் கைவிரிக்கும்.

கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். அவ்வளவுதானா?

இல்லை. நிராகரித்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். "ஏற்கெனவே இருந்த நோய்" என்றால், காப்பீடு தொடங்கும் முன் அறிகுறியோ சிகிச்சையோ இல்லை என்று மருத்துவரிடம் கடிதம் வாங்கி மேல்முறையீடு செய்யுங்கள். "முன்அனுமதி இல்லை" என்றால் அவசரநிலை என்பதைக் காட்டும் மருத்துவமனைக் குறிப்பு உதவும். மேல்முறையீட்டுக்கும் கெடு உண்டு. அந்தத் தேதி நிராகரிப்புக் கடிதத்தில்தான், பெரும்பாலும் பொடி எழுத்தில், இரண்டாம் பக்கத்தில் இருக்கும்.